குண்டு எழுத்து

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம். உளுந்தூர்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வந்த எங்கள் பஸ், ரோட்டில் வெட்டிப் போட்டிருந்த மரத்துக்கு முன்னால் நின்றுவிட்டது. பக்கத்துச் சுவரில் 'சாலை மறியல்' என்று சிவப்பில் பெரிதாக எழுதியிருந்தது. எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர்.

"இன்னா மச்சான், கொஞ்சம் ஒல்லியா எழுதியிருக்கக் கூடாதா?"

"மெதுவா பேசு மாப்ள."

"டீக்கடை, சைக்கிள் கடை, எந்த போர்ட பாத்தாலும் இதே குண்டு எழுத்துதான். ஒரு மூலை இல்லாம உருட்டி வெச்சிருக்க. ஊருக்கே உன் கை தெரியும்."

"லாரில போறவனுக்கு தூரத்துலயே தெரியணும்னு தடியா எழுதிப் பழகிட்டேன். ராத்திரி அவசரத்துல கை அதும்பாட்டுக்கு எழுதிடுச்சு."

பின்னால் ஒரு ஜீப் வந்து நின்றது. போலீஸ்காரர்கள் இறங்கினார்கள். பெயிண்டர் சிவப்பு ஒட்டியிருந்த விரல்களைத் தொடைக்கு அடியில் சொருகிக்கொண்டார்.

"பயப்படாத மச்சான். பேரா போட்டிருக்க? போலீஸ்காரன் எழுத்தையா பாத்துக்கினு இருக்கப் போறான்?"

பெயிண்டர் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஸ்டேஷன் போர்டே நான் எழுதுனதுதான் மாப்ள. தெனம் அதப் பாத்துக்கினுதான் உள்ள போறாங்க."