நாலு விரல் மருந்து

ஓடுகிறோம். ஊரே ஓடுகிறது. ஐப்பசி மாதம், செவ்வாய்க்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். மலைப்பக்கம் ஒரு சத்தம் கேட்டது. ஒரே ஒரு சத்தம். அடுப்பின் மேல் இருந்த சட்டி அதிர்ந்தது. காக்கைகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பின.

"சப்பான்காரன் குண்டு போட்டுட்டான்! ஓடுங்க! வெளக்க அணைங்க!"

கத்தியது பக்கத்து வீட்டுப் பாவாயி. யுத்தத்தின் நாலாவது வருஷம் அது. விசாகப்பட்டினத்தில் குண்டு விழுந்த சேதி கோடையிலேயே வந்துவிட்டது. மெட்ராஸை விட்டு ஓடிவந்த குடும்பங்கள் சங்ககிரியில் வாடகைக்கு இருந்தன. பிறகு எவர் நின்று யோசிப்பார்? ஏரியைப் பார்த்து ஓடினோம். என் இடுப்பில் இரண்டு வயது மகள். மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஓடுகின்றன.

பாதி வழியில் என் கால் நின்றுவிட்டது. ஆகாசத்தில் ஏரோப்பிளேன் சத்தமே இல்லை. சத்தம் வந்த திசையில் எங்கள் சோளக்காடு இருக்கிறது. அங்கே என் வீட்டுக்காரர் பன்றிக் காவலுக்குப் போயிருக்கிறார். கையில் துப்பாக்கி.

மகளைப் பாவாயியிடம் கொடுத்தேன். திரும்பினேன்.

"அந்தப் பக்கம் போகாத புள்ள! செத்துருவே!"

போனேன். எல்லாரும் எதிரே வருகிறார்கள். நான் ஒருத்தி மட்டும் மலையைப் பார்த்து ஓடுகிறேன்.

அது வாய் வழியே வெடிமருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கி. பன்றிக்காக லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தோம். குழாயில் மருந்தைக் கொட்டுவார். தேங்காய் நாரை வைத்துக் கம்பியால் கெட்டிப்பார். கம்பியும் குழாயும் ஒரே நீளம். கம்பி வெளியே எத்தனை விரல் உயரம் நிற்கிறதோ அதுதான் அளவு. இடது கை விரல்களை ஒட்டிவைத்துப் பார்ப்பார். நாலு விரல். அவருடைய அப்பன் காலத்திலிருந்து அதுதான் கணக்கு.

யுத்தம் வந்தது. நல்ல மருந்து போயிற்று. கிடைத்ததில் பாதிக்கு மேல் கரித்தூள். நாலு விரல் போட்டால் புஸ்ஸென்று புகைதான் வந்தது. ஐந்து போட்டார். ஆறு போட்டார். ஆறே பழக்கமாகிவிட்டது.

பர்மா அரிசி நின்றுபோன வருஷம். அந்தச் சோளம் வீடு வந்தால் சாப்பாடு, வராவிட்டால் பட்டினி. கதிர் பால் பிடித்திருந்தது. பன்றிகள் தினமும் வந்தன. திங்கட்கிழமை சந்தைக்குப் போனவர் சிரித்துக்கொண்டே திரும்பினார். ஒரு கடைக்காரர் யுத்தத்துக்கு முந்தின மருந்தை ஒளித்து வைத்திருந்தாராம். கொஞ்சம் கொடுத்தாராம். கறுப்பாக, மினுமினுப்பாக, கடுகுமணி மாதிரி இருந்தது.

மறுநாள் வாசலில் உட்கார்ந்து கெட்டித்தார். நான் குழாயைப் பிடித்துக்கொண்டேன். கம்பி ஆறு விரல் நின்றது.

"நல்ல மருந்துங்களே. நாலு போதாதுங்களா?"

"போன வாரம் ஆறு போட்டதுக்கே பன்னி திரும்பிப் பாத்துட்டு மேஞ்சுது. நீ சும்மா இரு சாமி." என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

யுத்தத்துக்கு முந்தின மருந்து. யுத்த காலத்து அளவு. அப்படித்தான் அது நடந்தது.

காட்டுக்குள் நுழைகிறேன். புகை இன்னும் போகவில்லை. சோளம் தலைக்கு மேல் நிற்கிறது. ஆள் தெரியவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட என் வாய் பழகவில்லை. "ஏனுங்க! ஏனுங்க!" என்றுதான் கத்துகிறேன். எல்லாப் பெண்களும் எல்லாப் புருஷன்களையும் கூப்பிடுகிற மாதிரி.

"இங்கதான் கெடக்கறேன் சாமி. பன்னி உழுந்துச்சா பாரு."

பன்றி விழவில்லை. குழாய் அடிப்பக்கத்தில் வாழைப்பூப் போல விரிந்து கிடந்தது. இடது கையில் கட்டைவிரல் மட்டும் இருந்தது. முந்தானையைக் கிழித்துக் கட்டினேன். தூக்க ஆள் இல்லை. வண்டி பூட்ட மாடு இல்லை. ஊர் முழுக்க ஏரிக்கரையில் மூச்சுவிடாமல் படுத்திருந்தது. அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வானம் சுத்தமாக இருந்தது. அந்த வானத்தைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

விடிந்துதான் ஆட்கள் வந்தார்கள். பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடுகிற பஸ்ஸில் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஒவ்வொரு மேட்டிலும் அது நின்றது. ஒரு வாரத்தில் ரணஜன்னி வந்து அவருக்கு வாய் கட்டிக்கொண்டது. தண்ணீர் இறங்கவில்லை. உடம்பு வில்லாக வளைந்தது. கண் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. தீபாவளிக்கு முந்தின நாள் போய்விட்டார். தெருவில் அந்த வருஷம் வெடியும் இல்லை.

யுத்தம் இந்தச் சீமைக்கு வரவே இல்லை என்று பேசுகிறார்கள். படித்தவர்களும் பேசுகிறார்கள். கேட்டால் வயிறு எரிகிறது. வந்தது. எங்கள் வாசலில் உட்கார்ந்து அளந்துவிட்டுப் போனது. எழுதிக்கொள்ளுங்கள்.

போனது இவ்வளவு. என் வீட்டுக்காரர். துப்பாக்கியும் லைசென்சும், போலீஸ்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். சோளத்தில் பாதிக்கு மேல், நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது பன்றிகள் தின்றன. அப்புறம் அவர் அளக்கிற விரல்கள், நாலு. பாவாயியும் அவள் புருஷனும் காட்டில் தேடினார்கள். மூன்று கிடைத்தன. துணியில் சுற்றி வைத்திருந்து அவரோடு புதைத்தோம்.

அந்தக் காட்டை நான்தான் உழுதேன், உடம்பில் தெம்பு இருந்த வரைக்கும். ஒவ்வொரு உழவிலும் ஏரை நிறுத்திக் குனிந்து பார்ப்பேன். கல்லாக இருக்கும். வேராக இருக்கும். கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் போடுவேன்.