கப்புக்கு இடமில்லாத கார்

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் லைட்ஹவுஸ் குப்பத்து மீனவர்கள் இருவர். ஜன்னலோரம் இருந்த பெரியவர் கொதித்துக்கொண்டிருந்தார்.

“அம்மாம் பெரிய ரேஸ் காரு, உள்ள ஒரு கப்பு வைக்க எடமில்லையாம்!”

“பறக்கிற வண்டியில கப்பு இன்னாத்துக்கு மாமா? குடிக்கிறவன் கடையில நின்னு குடிக்கணும்.”

“நம்ம மீன்புடி போட்டு பறக்கலயா? குறுக்குப் பலகையில டீ கேனைக் கட்டிக்கினு போறோம். அலையில ஒரு சொட்டு சிந்துதா?”

“அதை வுடு. நேத்து அந்தக் காரு மணல்ல மாட்டிக்கினப்ப நாங்கல்லாம் தள்ளுனோம், நீ மட்டும் ஓரமா நின்ன. போட்டைக் கரைக்கு இழுக்க கை வைக்காதவனுக்குக் கொழம்புக்குப் பங்கு மீன் கெடையாது, ஒனக்கும் கெடையாதுன்னு எல்லாரும் சிரிச்சாங்க.”

“நானாவா நின்னேன்? தள்ள வந்த என் கையில காருக்காரன் காபிக் கப்பக் குட்த்து, ‘சிந்தாம புடிப்பா’ன்னுட்டான். வண்டி தார் ரோட்டுல ஏறுனதும் வாங்கிக்கினு பூட்டான். ஒரு வார்த்தை பேசல!”

“அதுக்காக காருல கப் ஹோல்டர் வேணும்ன்றியா?”

“வேணாமா? அப்போ அரை மணி நேரம் நான் அங்க இன்னாவா நின்னேன், சொல்லு!”