கிடப்பு என்ற பெட்டி

சொந்தப் பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். அலுவலகத்தில் எல்லோரிடமும் இதைச் சொல்வேன். இலவசமாகக் கிடைக்கும் முகவரி வாடகை வீடு மாதிரி. வீட்டுக்காரர் ஒருநாள் பூட்டை மாற்றிவிட்டால் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

அம்மாவுக்கு அப்படித்தான் ஆயிற்று. ஆறு வருடங்களுக்கு முன்பு ஒரு காலையில் அவளுடைய கணக்கு திறக்கவில்லை. கடவுச்சொல்லை மூன்று தடவை தப்பாக அடித்திருக்கிறாள். அடுத்து அது கேட்ட பழைய தொலைபேசி எண் எங்களிடம் இல்லை. எட்டு வருடத்துக் கடிதங்களும் படங்களும் உள்ளே மாட்டிக்கொண்டன. போய் முறையிட அந்தப் பக்கத்தில் ஆள் என்று யாரும் கிடையாது.

நீங்கள் அம்மாவைப் பார்த்திருக்கிறீர்கள், அதனால் அதிகம் சொல்ல வேண்டாம். முப்பத்தொரு வருடம் தட்டச்சு சொல்லிக்கொடுத்தவள். பத்து விரலாலும் அடிப்பாள், விசைப்பலகையைக் குனிந்து பார்க்க மாட்டாள். நான் இரண்டு விரலால் தட்டுவதைப் பார்த்து, “உன்னை நான் பாஸ் போட்டிருக்கவே மாட்டேன்டா” என்பாள். அறுபத்தைந்து வயதில் காது போய்விட்டது. எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். தொலைபேசியை எடுத்தால் “யாரு, யாரு” என்று நாலு தடவை கேட்டுவிட்டு என் கையில் கொடுத்துவிடுவாள். ஆக, வெளியுலகம் என்றால் அவளுக்கு மின்னஞ்சல்தான். அதிலும் பாதி உலகம் என் அண்ணன்.

அண்ணன் வேறொரு நாட்டில் குடியேறியவன். கடல் நடுவே எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை. இரண்டு மாதம் கடலில், ஒரு மாதம் கரையில். மனைவி, ஒரே மகள். மூன்று வருடத்துக்கு ஒரு தடவை வருவான். அவன் வருகிறான் என்றால் எங்கள் வீட்டில் திரைச்சீலைகள் எல்லாம் துவைக்கப்படும். நான் கூடவே இருப்பவன். எனக்காக யாரும் திரைச்சீலை துவைப்பதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. கூடவே இருப்பவனுக்காக அப்படிச் செய்வது வழக்கமில்லை.

மருந்து விநியோக நிறுவனம் ஒன்றில் இருநூற்றுப் பத்துப் பேருடைய அஞ்சலைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அம்மாவுக்கு ஒரு முகவரி அமைப்பது எனக்கு ஒரு சனிக்கிழமைக் காரியம். முகவரியில் @ குறிக்குப் பின்னால் வருமே, அந்த டொமைனை அப்பாவின் பெயரிலேயே பதிவு செய்தேன். கடிதங்கள் வந்து போக வாடகைக்கு ஒரு இயந்திரம் எடுத்தேன். இந்தப் பெயரில் கடிதம் அனுப்ப இந்த இயந்திரத்துக்கு மட்டுமே உரிமை உண்டு என்று ஊருக்கு அறிவிக்கும் சில வரிகள் உண்டு, அவற்றை எழுதினேன். அவை இல்லாவிட்டால் மற்றவர்கள் நம் கடிதத்தைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். தினமும் விடிவதற்குள் இரண்டு இடங்களில் நகல் எடுத்துக்கொள்ளும்படி செய்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இனிமே யாரும் பூட்ட மாட்டாங்களே?”

“சாவி என்கிட்ட இருக்கும்மா.”

அவள் சிரித்தாள். அண்ணனுக்குப் புது முகவரியைச் சொல்லி முதல் கடிதம் அடித்தாள். அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்தது. இதையும் நீங்கள் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

நான்காவது நாள் பதில் வந்தது. எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தபோது அதைப் படித்தேன். வேண்டுமென்று படிக்கவில்லை, கண்ணில் பட்டது. “அம்மா, இங்கே உனக்காக ஒரு அறை ஒழித்து வைத்திருக்கிறோம். ஜன்னல் பக்கம் மேசை போட்டாயிற்று. தம்பி பாவம். உன்னைப் பார்த்துக்கொண்டே அவன் வயது போய்விட்டது. நீ இங்கே வந்துவிட்டால் அவனுக்கும் விடுதலை.”

விடுதலை என்ற சொல்லைப் பல தடவை படித்தேன். அப்போது எனக்கு நாற்பத்தைந்து வயது. பதினொரு வருடம் அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தவன், குளியலறைச் சுவரில் கைப்பிடி அடித்தவன், காதுக் கருவிக்கு பேட்டரி மாற்றியவன் நான். எனக்கு விடுதலை வேண்டும் என்று யாரிடமும் மனு கொடுக்கவில்லை.

அவளுக்குத் தெரியாத ஒரு பெட்டி உருவாக்கினேன். அதற்குக் ‘கிடப்பு’ என்று பெயர் வைத்து, அம்மா பார்ப்பதற்குள் அந்தக் கடிதத்தை அதற்குள் நகர்த்தினேன். அண்ணனுடைய முகவரியிலிருந்து வருவது எதுவானாலும் அதில் போய் விழும்படி ஒரு விதி எழுதினேன். ஒரு வாரம் யோசித்துப் பார்க்கலாம் என்றுதான் எண்ணம். அதற்குள் அம்மா, “ஏன்டா பதிலே இல்ல” என்று அவனுக்கு எழுத உட்கார்ந்துவிட்டாள். அது போனால், நான்தான் எழுதினேனே என்பான். எனவே அதையும் கிடப்புக்குத் திருப்பினேன். ஒரு பக்கத்தை அடைத்தால் மறுபக்கத்தையும் அடைக்கத்தான் வேண்டும். வேலை தெரிந்தவன் எவனும் அதைத்தான் செய்வான்.

ஒரு வாரம் ஒரு மாதமாயிற்று. பிறகு வாரக் கணக்கை நான் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

அம்மா தினமும் காலையில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கணினி முன்னால் உட்காருவாள். மின்கட்டண அறிவிப்பு வந்திருக்கும். பழைய மாணவிகள் யாராவது எழுதியிருப்பார்கள். “அவன் எழுதலயா?” என்று என்னைப் பார்ப்பாள். “வேலை இருக்கும்மா” என்பேன். உதட்டைப் பார்த்துப் படிப்பவளுக்காக ஒவ்வொரு சொல்லையும் நிதானமாகச் சொல்ல வேண்டும். நிதானமாகச் சொல்லும்போது எந்தச் சொல்லும் உண்மை போலவே இருக்கிறது.

ஒருநாள் கேட்டாள். “நான் எழுதறது போய்ச் சேருதாடா?”

அனுப்பியவை என்ற பட்டியலைத் திறந்து காட்டினேன். அவளுடைய கடிதங்கள் வரிசையாக இருந்தன. அனுப்பப்பட்டது என்பது உண்மை. எங்கே என்று அந்தப் பட்டியல் சொல்லாது. அவள் ஒவ்வொன்றின் மேலும் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, “அப்ப அவனுக்குத்தான் மனசு இல்ல” என்றாள். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அன்று அவளை வெளியே அழைத்துப்போய் ஒரு புது மேசைவிளக்கு வாங்கிக் கொடுத்தேன்.

கிடப்பில் இருந்தவற்றை மதிய உணவு வேளையில் படிப்பேன். இருவருடையதும் ஒரே பெட்டியில் விழுந்ததால் தேதி வரிசையில் தாமாகவே அடுக்கிக்கொண்டன. பேத்தி இன்னும் நகம் கடிக்கிறாளா என்று அம்மா கேட்டிருப்பாள். அது அவனுக்குப் போகவில்லை. ஆனால் இரண்டு நாள் கழித்து அவன், உன் பேத்தி ஒருவழியாக நகம் கடிப்பதை விட்டுவிட்டாள் என்று எழுதியிருப்பான். கேள்வியும் பதிலும் அடுத்தடுத்து இருக்கும். நேரில் அவர்கள் அவ்வளவு நன்றாகப் பேசிக்கொண்டதில்லை. நேரில் அண்ணன் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவான்.

இரண்டாம் வருடம் அவன் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டான்.

“அம்மாவுக்கு என் மேல என்னடா கோபம்?”

“உனக்கே தெரியும்.”

“சத்தியமா தெரியல. நான் என்ன பண்ணேன்?”

“அப்பா போனப்ப நீ வரல.”

“கடல்ல புயல்டா. ஹெலிகாப்டர் எடுக்க மாட்டேன்னுட்டாங்க. பரவாயில்லப்பான்னு அம்மாவே எழுதினாளே.”

“வாய் வார்த்தைக்கு எழுதியிருப்பா. உள்ளுக்குள்ள இருக்கு.”

அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்காதது அவனை அரித்துக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும், பல கடிதங்களில் எழுதியிருந்தான். அப்படி ஒரு இடம் உள்ளவனை நம்பவைக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. கடைசியில், நேரில் வந்து காலில் விழுகிறேன் என்றான்.

அதனால்தான் அந்த ஒரு கடிதத்தை எழுத வேண்டி வந்தது. ஆறு வருடத்தில் அம்மா பெயரில் நான் எழுதியது அது ஒன்றுதான். நாலு வரி. “நீ வர வேண்டாம். உன்னைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. தம்பி இருக்கிறான், எனக்கு அது போதும். நீ உன் குடும்பத்தைப் பார்.” அம்மா பழைய தட்டச்சுக்காரி, ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்குப் பின்னும் இரண்டு இடம் விடுவாள். நானும் மறக்காமல் விட்டேன். அவன் அதற்கு, “சரிம்மா” என்று மட்டும் பதில் போட்டான். அதன் பிறகும் மாதம் ஒரு கடிதம் வந்தது. எல்லாம் சின்னச் சின்னதாக. எதிலும் கேள்வி இல்லை.

போன வருடம் வந்த கடிதத்தைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. அவனுக்கு ரத்தத்தில் நோய். உடன்பிறந்தவனுடைய எலும்பு மஜ்ஜை பொருந்தினால் பிழைக்க வழியிருக்கிறது என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். “அம்மா, நான் கேட்டால் தம்பி செய்ய மாட்டான். நீ சொன்னால் செய்வான். இது ஒன்று மட்டும் எனக்காகக் கேள்” என்று எழுதி, மருத்துவமனை அறிக்கையையும் இணைத்திருந்தான்.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. அன்றே விடுப்பு எடுத்துக்கொண்டு ஒரு பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் கொடுத்தேன். முடிவு வந்ததும் அவனுடைய அறிக்கையை ஒரு பக்கமும் என்னுடையதை மறுபக்கமும் வைத்துத் திசு வகை எண்களை ஒப்பிட்டேன். பத்து இடம் பார்க்க வேண்டும். பத்தும் பொருந்தின. சின்ன வயதில் எங்கள் இருவருக்கும் ஒரே அளவில் சட்டை எடுப்பார்கள் என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

அடுத்த இரண்டு வாரமும் யோசித்தேன். நான் கொடுத்தால் அவன் பிழைப்பான். பிழைத்தவன் நன்றி சொல்ல வருவான். வந்தால் அம்மா எதிரே உட்காருவான், அவள் அவன் உதட்டைப் பார்ப்பாள். பிறகு ஒவ்வொன்றாக வெளியே வரும். எழுபத்தாறு வயதில் அவளால் அதைத் தாங்க முடியுமா என்றுதான் பார்த்தேன். அவளை நினைத்துத்தான் பார்த்தேன். என் அறிக்கையையும் அவன் கடிதத்துக்கு அடுத்தாற்போல் கிடப்பில் வைத்தேன்.

ஐந்து மாதத்தில் அண்ணன் இறந்துவிட்டான். அவன் மகள் பாட்டிக்கு எழுதினாள். தன் முகவரியிலிருந்துதான் எழுதினாள், ஆனால் அதற்கும் நான் முன்பே விதி எழுதி வைத்திருந்தேன். பதில் வராமல் போகவே, இரண்டு மாதம் பொறுத்துவிட்டு நேரிலேயே கிளம்பி வந்துவிட்டாள். நான் வேலையில் இருந்தேன். அம்மாவே கதவைத் திறந்திருக்கிறாள்.

நான் வீடு திரும்பியபோது இருவரும் சாப்பாட்டு மேசையில் இருந்தார்கள். அந்தப் பெண் தன் அப்பாவின் கடிதங்களைக் கணினியில் திறந்து வைத்திருந்தாள். அம்மா அழுது முடித்திருந்தாள்.

“சித்தப்பா, அப்பா எழுதினது ஒண்ணுகூட பாட்டிக்கு வரலையாம். எங்க போச்சு?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என் வேலையில் எதுவும் தொலைந்ததாக யாரும் நினைப்பதை நான் விரும்பவில்லை.

“எங்கயும் போகல. பத்திரமா இருக்கு.”

மறுநாள் அலுவலகத்தில் எல்லாவற்றையும் அச்செடுத்து வந்தேன். அறுநூற்றுப் பதினோரு பக்கம். அம்மா நான்கு நாள் படித்தாள். வேளாவேளைக்குச் சாப்பாடு கொண்டுபோய் வைத்தேன், தட்டு அப்படியே இருந்தது. நான்காம் நாள் சாயங்காலம் ஒரு தாளைத் தனியே எடுத்துப் பிடித்தாள்.

“உன் ரத்தம் அவனுக்குச் சேர்ந்துச்சா?”

அவள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். “சேர்ந்துச்சு” என்றேன். நிதானமாகச் சொன்னேன், அவளுக்குப் புரிய வேண்டுமே. அவள் அந்தத் தாளை அதன் இடத்திலேயே திரும்பச் செருகினாள். பிறகு மொத்தக் கட்டையும் விடைத்தாள் கட்டு மாதிரி மேசையில் தட்டி ஓரம் சேர்த்தாள். காலையில் பேத்தியோடு போய்விட்டாள். உங்கள் ஸ்டேஷனில் புகார் கொடுத்தது அந்தப் பெண்தான், அம்மா வெறும் கையெழுத்துதான் போட்டிருப்பாள்.

ஆமாம், எல்லாம் நான் செய்ததுதான். அண்ணனுடைய கடிதங்களை நிறுத்தினேன். அம்மாவுடையதையும் நிறுத்தினேன். பொருந்தும் என்று தெரிந்த பிறகும் பேசாமல் இருந்தேன், அவன் செத்தான். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டுங்கள்.

அம்மாவுக்கு நாள் தவறாமல் எழுதிக்கொண்டுதான் இருந்தேன். பேத்தி அவளுக்கு ஏதோ ஒரு இலவச முகவரி போட்டுக் கொடுத்திருக்கிறாளாம். முகவரியை எப்படியோ கண்டுபிடித்து நாற்பது கடிதத்துக்கு மேல் அனுப்பிவிட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. அந்த மாதிரி முகவரிகளை நம்பவே முடியாது. அவள் எழுதியிருப்பாள், வழியில் எங்கேயோ தொலைந்திருக்கும்.