விழும்போது சேவ் பண்ணினது

வேங்கிக்கால் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். கணவர் கைக்கடக்கமான கேம் கன்சோலில் எந்த நொடியிலும் சேவ் பண்ண விடும் எமுலேட்டர் போட்டு, பழைய வீடியோ கேம் ஒன்றை ஆடிக்கொண்டிருந்தார்.

“பள்ளத்துல விழும்போது சேவ் பண்ணிட்டேன். எப்ப திறந்தாலும் ஹீரோ விழுந்து சாவறான்.”

“அதுக்கு முன்னாடி சேவ் பண்ணது?”

“அது அழிஞ்சுபோச்சு.”

“நீங்களும் அப்படித்தாங்க. எப்ப பேசினாலும், உங்க தங்கச்சி கல்யாணத்துல நான் பாதிப் பந்தியில எழுந்து போனதுலதான் ஆரம்பிக்கறீங்க. அதுக்கு முன்னாடி நடந்தது எதுவும் ஞாபகமில்ல. வக்கீல்கிட்டயும் அதைத்தான் சொன்னீங்க.”

கணவர் பட்டனைத் தட்டிக்கொண்டேயிருந்தார்.

“கோர்ட்டு இறங்கறவங்க வாங்க!” என்றார் கண்டக்டர்.

மனைவி ஃபைலோடு எழுந்தார். கணவர் கன்சோலை நீட்டினார்.

“முதல்லேர்ந்து போட்டிருக்கேன். உக்காந்து ஆடு. அடுத்த ஸ்டாப்புல இறங்கிக்கலாம்.”