தூக்கிப் பார்த்து வாங்கிய கணினி

"ஆடு வாங்கற மாரி தூக்கிப் பாத்துட்டுதான் வாங்கனேன். நல்ல கனம்" என்றார் பக்கத்து இருக்கைக்காரர். இடஒதுக்கீடு கேட்டு வடக்கனந்தலில் மறியல் நடந்ததால், வெள்ளிமலை போகும் எங்கள் பேருந்து நின்றிருந்தது. அவர் மடியில் பழைய கணினிப் பெட்டி இருந்தது. திரையை அவர் மனைவி அணைத்துப் பிடித்திருந்தார்.

"கனமா கீதுன்னா? அறுத்துக் கறி போடப் போறியா?" என்றார் மனைவி.

"கடக்காரரு ஓட்டியும் காட்டினாரு மே."

"எம்மா நேரம்?"

"ஒரு டீ குடிக்கிற நேரம்."

"ஆட்டுக்குப் பல்லப் பாப்ப, அர நாளு நடக்கவுட்டுப் பாப்ப. இதுக்கு ஒரு டீதானா? வித்தவன் எதுக்கு வித்தான்னு கேட்டியா?"

"ரிட்டையர் ஆன வாத்தியாரு வூட்டுதாம். அவரு இன்னா, பொய்யா சொல்லுவாரு?"

"அங்க ரோட்ல குந்திக்கினு காலேஜுல சீட்டு கேக்கறாங்க. நம்ம பொண்ணுக்கு அந்த சீட்டே கெடச்சாலும், இது நின்னு பூட்டா எதுலய்யா படிப்பா?"

அவர் பெட்டியைத் தடவிக் கொடுத்தார். அதன் பின்பக்கத்தில் ஆயுத பூஜைக்கு நான் வைத்த சந்தனப் பொட்டு காய்ந்திருந்தது.

அந்த வாத்தியார் நான்தான். கால் மணி நேரம் ஓடினால் அது தானாக அணைந்துவிடும். அதை மறைத்துத்தான் கடையில் விற்றேன்.

உண்மையைச் சொல்ல வாயெடுப்பதற்குள் பேருந்து கிளம்பிவிட்டது என்று இத்தனை வருடங்களாக எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். பேருந்து அங்கே ஒன்றரை மணி நேரம் நின்றது.