வார நாளில் செத்தால் வசதி

— கத்தரிக்காய் வேண்டாம், பிள்ளை. செத்தவருக்கு அதைக் கண்ணிலயும் காட்டக் கூடாது.

— செத்தவரா அண்ணே வந்து சாப்பிடப் போறாரு? சாப்பிடுறவங்களுக்குப் பிடிச்சா போதும்லா. முதல்ல யாரு செத்தது, அதைச் சொல்லுங்க.

— இன்னும் சாகேல்லை.

— அப்புறம் எதுக்கு ஆர்டரு? இருங்க. ஷாரோன், வாசல் மேசைக்கு ரசம் கொடும்மா. ரோட்டு வேலைப் பசங்க, சாப்பிட்ட கையோட ஓடணும். ம், சொல்லுங்கண்ணே. யாரு, அந்த ஹில்ஸ்பரோ ஏரியா சோதிலிங்கமா? போன வாரம்கூட இங்க உக்காந்து ரெண்டு தட்டு ஆட்டுக்கறி சாப்பிட்டாரே.

— அவன் சாகமாட்டான். பூமிக்குப் பாரமா இருக்கவெண்டே பிறந்தவன். இது என்ர வீட்டுச் செத்தவீடு.

— உங்க வீட்டுல யாரு இருக்கா சாகுறதுக்கு? அண்ணி போயி எவ்வளவோ வருசமாச்சு. மகன் மெல்பர்ன்ல. நீங்க ஒருத்தர்தானே...

— ஓம். அந்த ஒருத்தர்தான்.

— குணரத்தினம் அண்ணே, சாப்பாட்டு நேரத்துல என்னா பேச்சு இது?

— சாப்பாட்டு நேரத்தில சாப்பாட்டைப் பற்றித்தானே கதைக்கிறன். திங்கக்கிழமை நெஞ்சைப் பிளக்கினமாம். வால்வு ஒண்டு பழுது. டொக்டர் பெட்டை சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுது, அனேகமான ஆக்கள் எழும்பி வீட்டை போவினம் எண்டு. நான் எப்ப அனேகமான ஆக்களோட சேர்ந்தனான்?

— திங்கக்கிழமையா? இன்னிக்கு வியாழன். வந்து உக்காந்து, சொதியில உப்பு இல்லேன்னு என்னை ஒரு பாட்டம் திட்டிட்டு, அதுக்கு அப்புறம்தான் இதைச் சொல்லணும்னு தோணிச்சா?

— உப்பு இல்லாதது உண்மைதானே, வேதவள்ளி.

— உப்பு ஆகாதுன்னு டாக்டரு சொன்னதா நீங்கதானே போன மாசம் சொன்னீங்க. அதான் உங்களுக்கு மட்டும் தனிச்சட்டியில காய்ச்சுறேன்.

— தனிச்சட்டியோ? உங்கட கைப்பக்குவம் போயிட்டுது எண்டெல்லே நான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரியிறன்.

— தெரியும்லா. வர்றவங்க அப்படியே வந்து என்கிட்ட சொல்லிடுவாங்க. கடை திறந்த முதல் நாள்லேர்ந்து குறை சொல்லிக்கிட்டேதான் சாப்பிடுறீங்க. ஆறுது, சாப்பிடுங்க.

— நான் சாப்பிடுறன். நீங்கள் எழுதுங்கோ. வெள்ளைச் சோறு, பருப்பு, பயத்தங்காய்ப் பிரட்டல், உங்கட ரசம். பிறகு ஆட்டிறைச்சி.

— சாவுச் சாப்பாட்டுல ஆட்டுக்கறியா? ஆளுங்க என்னா பேசுவாங்க?

— பேசட்டுமன். குணரத்தினம் நல்லவர் எண்டு சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஒரு வாய்ச் சோறு விழுங்கிறதுக்குள்ள முடிஞ்சிடும். மிச்ச நேரத்துக்குச் சனத்துக்குக் கதைக்க ஒண்டு வேணும். சோதிலிங்கத்தின்ர தட்டில மட்டும் உறைப்பைக் கூட்டிவிடுங்கோ. அவன் எனக்காக அழமாட்டான். கண்ணாவது கலங்கட்டும்.

— அவரு உங்க கூட்டாளி.

— கூட்டாளிதான். என்ர மனுசியின்ர செத்தவீட்டில சோறு வேகேல்லை, தெரியுமோ?

— தெரியாதுண்ணே. அப்ப நான் கடையே திறக்கலையே.

— எனக்கு அண்டைக்குத் தலை நிக்கேல்லை. ஆரோ ஒருத்தன்ர நம்பர் கிடைச்சுது, அவனுக்கே சொல்லிப்போட்டன். சோறு அரிசியாக் கிடந்தது. சனம் தட்டை அப்பிடியே வைச்சிட்டு எழும்பிப் போச்சுது. முந்தி அவவின்ர சமையலைச் சாப்பிடவெண்டே வீட்டை வந்த சனம். இண்டைக்கும் ஒரு கலியாணவீட்டில குந்தினா சோதிலிங்கம் அந்தச் சோத்துக் கதையைத்தான் எடுப்பான். எல்லாரும் சிரிப்பினம். நானும் சிரிப்பன். அவவின்ர முகம் இப்ப அவையில ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை, பிள்ளை. அந்தச் சோறுதான் ஞாபகம்.

— இவ்வளவு நாளா இதைச் சொல்லவே இல்லையே.

— சொல்லி என்ன? அதுதான், எனக்கெண்டாலும் ஒழுங்கா நடக்கட்டும். ஹோல், மண்டபம் ஒண்டும் வேண்டாம், இஞ்சையே வைப்பம். வார நாள் எண்டா வசதி. சனிக்கிழமை செத்தா பார்க்கிங் கிடைக்காது, வந்த சனம் பெட்டிக்குள்ள கிடக்கிற என்னைத்தான் திட்டும்.

— மகன் வர்றாரா?

— வாறன் எண்டுதான் நிண்டவன் யசீகரன். அவன்ர மனுசிக்கு இது ஒன்பதாம் மாசம். சின்ன விசயமடா, பல்லுப் பிடுங்கிற மாதிரி எண்டு சொல்லிப்போட்டன்.

— நெஞ்சைத் திறக்குறது பல்லு பிடுங்குற மாதிரியா? அப்ப ஆஸ்பத்திரிக்கு யாரு கூட்டிட்டுப் போறது?

— போகேக்க பஸ் இருக்கு. வரேக்க ஆரோ கொண்டந்து விடுவினம், எந்தக் கோலத்தில வந்தாலும்.

— உங்க வாயைத்தான் முதல்ல ஆபரேசன் பண்ணணும். பஸ்ஸும் வேணாம், ஒண்ணும் வேணாம். காலையில வாசல்ல நில்லுங்க, என் வேன் வரும். வெங்காய வாடை அடிக்கும், மூக்கைப் பொத்திக்கிட்டு வாங்க.

— அண்டைக்குக் கடை?

— அதை நீங்க ஏன் கேக்குறீங்க? ஷாரோன் பாத்துக்குவா. ரசம் ஊத்தவா?

— ஊத்துங்கோ. என்ன, பேனையை மூடி வைச்சிட்டியள்? இறைச்சியோட நிக்குது. பாயசம் இன்னும் எழுதேல்லை.

— இந்த ஆர்டரை எடுக்க முடியாதுண்ணே.

— ஏன்? இறைச்சி எண்டபடியாலோ? சரி, விடுங்கோ. முழுக்கச் சைவமாவே வையுங்கோ.

— அதுக்கு இல்ல. வேற கடை பாருங்க.

— உங்கட கையை விட்டிட்டு நான் எந்தக் கடைக்குப் போறது? இன்னொருக்கா அரைவேக்காட்டுச் சோறு வைக்கச் சொல்லுறியளோ?

— நான் என்னா செய்யிறது? அன்னிக்கு இங்க சமைக்க முடியாது.

— எண்டைக்கு எண்டு எனக்கே தெரியாது. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

— அது என்னிக்கா இருந்தாலும்தான். சாவு வீட்டுல அடுப்பு மூட்டமாட்டாங்கண்ணே.