அவளிடம் காதலைப் பற்றிக் கேட்டவர்

"ஹலோ... ஹலோ, யாரு?... ஆமா, ஆமா, அவங்க நம்பர்தான். குளிக்கிறாங்க. நான் வீட்டுக்காரர். நீங்க யாரு?..."

மனைவியின் கைப்பேசியில் ஆண் குரல் கேட்டதும், ஃப்ரிட்ஜ் மெக்கானிக் கையிலிருந்த தெர்மோஸ்டாட்டை மேஜையில் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எதைப் பத்தி?... கொஞ்சம் சத்தமா சொல்லுங்க... காதலா? காதலைப் பத்தி என் பொண்டாட்டிகிட்ட பேசணுமா? யோவ், யாருய்யா நீ?... சரி, சரி, கத்தல. சொல்லுங்க... பல்கலைக்கழகம்... ம்... காதல் நாவல் படிக்கிற பொம்பளைங்களைப் பத்தி ஆராய்ச்சி... அதுக்கு டாக்டர் பட்டமா? யாருக்குங்க காது குத்துறீங்க?... இருங்க, இருங்க. எங்க வீட்ல ஒரு நாவல் கிடையாது. அவ எங்க படிக்கிறா?... பஸ்லயா? பஸ் ஏறினதும் தூங்கிடுவேன்னுல்ல என்கிட்ட சொல்லிட்டிருக்கா!"

எழுந்துபோய்க் குளியலறைக் கதவை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தார்.

"இதுக்கு முன்னாடி பேசியிருக்கீங்களா?... ஒரு மணி நேரமா? என்கிட்ட 'பருப்பு தீர்ந்துடுச்சு', 'கதவைச் சாத்துங்க', இதைத் தாண்டி ஒரு வார்த்தை வராதே!... என்னைப் பத்தி என்ன சொன்னா?... ரகசியமா? என் பொண்டாட்டி சொன்னது எனக்கே ரகசியமா?... விதிமுறையா... நல்லாருக்குய்யா உங்க விதிமுறை."

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"சரி, அவ சொன்னது வேணாம். பொதுவா சொல்லுங்க. அந்தக் கதைங்கள்ல வர்ற ஆம்பளை அப்படி என்னதான் பண்றான்?... ம்... அவ பேசுறதைக் கேக்கிறானா? அப்புறம்?... அவ்வளவுதானா? கார், பங்களா?... பேசி முடிக்கிற வரைக்கும் எழுந்து போக மாட்டானா... ம்... ம்..."

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நீங்க உண்மையிலேயே ஆராய்ச்சிக்காரர்தானே? வேற ஒண்ணும் இல்லயே?... சத்தியமா?... சரி. இதை மட்டும் சொல்லுங்க. உங்ககிட்ட பேசும்போது அவ சிரிப்பாளா?"

மேஜையிலிருந்த தெர்மோஸ்டாட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"...ஓ... அடிக்கடியா..."

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. மெக்கானிக் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இல்ல சார், கோபமெல்லாம் இல்ல. சாயங்காலம் கூப்பிடுங்க. நான் ஒர்க்‌ஷாப்ல இருப்பேன், அவ தாராளமா பேசட்டும்... ஆமா, ஆமா. ஆனா ஒண்ணு. இனிமே நானே கேட்டாலும், அவ சிரிச்சான்னு மட்டும் என்கிட்ட சொல்லாதீங்க... வெச்சிடறேன்."